ஓகியின் இரண்டாவது மரண அறிவிப்பு

பூர்காஸ்,
மார்ச் 3, 1994

மதிப்புக்குரிய நெவேனா மிந்தேவா அவர்களுக்கு,

உறையின் பின்பக்கம் என் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதியிருந்தால் பிரிக்காமலே அடுப்பில் போட்டிருப்பீர்கள். பிரித்துவிட்டீர்கள், இனி முடிவு வரை படித்துவிடுங்கள்.

விதினில் ஆற்றங்கரை உப்புக் கிடங்கைச் சுத்தம் செய்து ரலித்சா என்ற பெண் ஓவியக் காட்சிக்கூடம் ஒன்று திறந்திருக்கிறாள். வயது இருபத்தாறு. எல்லாரும் வெளிநாட்டுக்கு ஓடுகிற நேரத்தில் சோஃபியாவில் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பிய பைத்தியம். உங்கள் தம்பி ஓகியைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, என் முகவரியைத் தேடிப்பிடித்து, இந்தக் கடற்கரைக்கே வந்து நின்றாள். அவன் இருந்திருந்தால் போன மாதம் நாற்பது முடிந்திருக்கும். அதையொட்டி ஜூன் மாதம் அவன் படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்த வேண்டும் என்கிறாள். ஓவியர் சங்கம் எந்தச் சுவரிலும் ஒரு ஆணிகூடத் தராத ஆளுக்கு, சொந்த ஊரில் ஒரு கூடம் முழுக்க.

என்னிடம் நான்கே படங்கள். மற்றவை உங்களிடம் இருக்கின்றன என்று நினைக்கிறேன். ரலித்சாவையே உங்களிடம் போகச் சொன்னேன். "அந்தம்மா கதவையே தெறக்க மாட்டாங்களாம். ஊர்ல எல்லாரும் பயமுறுத்துறாங்க. நீங்க பழகினவர்தானே, நீங்களே எழுதுங்க" என்றுவிட்டாள். நான் அவளைவிடப் பயந்தாங்கொள்ளி என்பது அவளுக்குத் தெரியாது.

நான் இங்கே ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணம் நடந்தது, முறிந்தது. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் முதல் தேதிக்குக் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளைக் கயிறு ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். இரண்டு நாள் பிந்திவிட்டது. பத்து வருடமே பிந்திவிட்டது, இரண்டு நாள் என்ன?

பதிலை எதிர்பார்க்கும்,
லூபென்


விதின்,
மார்ச் 14, 1994

லூபென்,

"அவர்களுக்கு"வாம்! என் அம்மா கையால் மிளகாய் வறுவலைத் தின்றுவிட்டு, "அக்கா, இன்னும் ரெண்டு ரொட்டி குடு" என்று சமையலறை வாசலில் நின்ற பயல், பத்து வருடம் கழித்து "மதிப்புக்குரிய" என்று ஆரம்பிக்கிறான். மரியாதையைப் பார்த்ததுமே விஷயம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

படங்கள் என்னிடம்தான் இருக்கின்றன. முப்பத்தொன்று. தரமாட்டேன்.

காரணம் உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதியிருப்பதால் நானே சொல்கிறேன். 1982 அக்டோபரில், ஓவியர் சங்கம் அவன் பெயரை நீக்கிய வாரத்தில், என் தம்பி தரைக்கு ஒட்டும் லினோலியத்தில் தன் முகத்தைச் செதுக்கி, எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்தே தன்னுடைய மரண அறிவிப்பை அச்சடித்தான். "ஒக்ன்யான் மிந்தேவ், ஓவியன், மூச்சு முட்டிக் காலமானான். மலர் வேண்டாம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்." விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம், சங்கத்து வாசல், ஒன்று விடாமல் ஒட்டினான். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே போனவன் நீ. காலையில் பாதி ஊர் சாவு வீட்டுக்குக் கொண்டுவரும் வேகவைத்த கோதுமையும் இரட்டைப்படைப் பூவுமாக எங்கள் வாசலில் நின்றது. செத்தவன் கதவைத் திறந்து, "வாங்க வாங்க, ரக்கியா சாப்பிடுங்க" என்று சாராயத்தை நீட்டினான். போலீஸ் இரண்டு வாரம் உள்ளே வைத்து அனுப்பியது. துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்குத் துருத்தடுப்புப் பெயிண்ட் அடிக்கும் வேலை கொடுத்தார்கள். நீங்கள் இருவரும் அதையும் ஒரு பதக்கம் மாதிரி சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

மறு வருடம் அதே பாரந்தூக்கியிலிருந்து விழுந்து செத்தான். ஊரெல்லாம் அறிவிப்பு ஒட்டினோம். யாரும் நம்பவில்லை. நவம்பர் ஐந்து, சனிக்கிழமை. கல்லறைக்கு வந்தவர்கள் எட்டுப் பேர், குழி தோண்டிய இரண்டு பேரையும் சேர்த்து. பெட்டி தூக்க ஆள் போதவில்லை. நாலாவது மூலையை நான் பிடித்தேன், லூபென். உன் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. உனக்குக் காய்ச்சலா, கை ஒடிந்திருந்ததா, ஊரில் இல்லையா? ஒன்றும் இல்லை. நீ வரவில்லை. ஜனவரியில் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டே போய்விட்டாய்.

இப்போது அவனுக்கு விழா எடுக்கிறாயா?

கயிற்றைக் கட்டிக்கொள்ளவில்லை. தூக்கியும் போடவில்லை, மேசையில் கிடக்கிறது.

நெவேனா


பூர்காஸ்,
மார்ச் 25, 1994

அக்கா,

நீங்கள் கேட்டுவிட்டீர்கள். சொல்லாமல் இனி இருக்க முடியாது.

நான் அந்த வாரம் ஊரில்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பேருந்து நிறுத்தத்தில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். பார்த்ததும் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். போன வருடத்து விளையாட்டுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. பயல் ஆண்டு நினைவு கொண்டாடுகிறான் என்று நினைத்தேன். நம் ஊரில் செத்தவர்களுக்கு நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருடம் என்று அறிவிப்பு ஒட்டுகிற வழக்கத்தைத்தான் கேலி செய்கிறான் என்று எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தோன்றியது. பையிலிருந்து பேனாவை எடுத்து அவன் முகத்துக்குக் கீழே எழுதினேன்: "இந்த முறையாவது நல்ல ரக்கியாவாக வாங்கி வை."

சனிக்கிழமை இரண்டு மணிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? 'மூன்று மீன்' என்ற சாராயக் கடையில். அடக்கம் முடிந்ததும் "செத்தவன்" நேரே அங்கேதான் வருவான் என்று உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு கோப்பை, அவனுக்கு ஒரு கோப்பை என்று வரவழைத்து வைத்திருந்தேன். வந்ததும் என்ன சொல்லிக் கலாய்ப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

நாலு மணிக்கு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். பூட்ஸ் முழுக்கக் களிமண். ரக்கியா வாங்கினார்கள். கோப்பைகளை இடித்துக்கொள்ளவில்லை. குடிப்பதற்கு முன், செத்தவர்களுக்கு விடுகிற மாதிரி, ஆளுக்குக் கொஞ்சம் தரையில் ஊற்றினார்கள். ஒருவன் மற்றவனிடம், "பாவம்ப்பா, அந்தப் பொம்பளையே பெட்டியத் தூக்குறா. இந்த ஊர்ல ஆம்பளையே இல்லையா?" என்றான்.

யாருடைய பெட்டி என்று நான் கேட்கவில்லை. அவனுக்காக வாங்கி வைத்திருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து கல்லறைக்குப் போனேன். நீங்கள் எல்லாரும் போய்விட்டிருந்தீர்கள். உங்கள் தெருவுக்கு வந்து வாசல்வரை நடந்தேன். உள்ளே அம்மா அழுகிற சத்தம் கேட்டது. தட்டத் துணிவு இல்லை. அன்று தட்டாதவனுக்கு மறுநாள் தட்டுவது இன்னும் கஷ்டமாக இருந்தது, அடுத்த வாரம் அதைவிட. கடைசியில் ரயில் ஏறிவிட்டேன்.

நான் எழுதிய அந்தத் தாளை மட்டும் பேருந்து நிறுத்தத்துக் கம்பத்திலிருந்து உரித்து எடுத்து வைத்திருந்தேன். இன்னும் என்னிடம் இருந்தது. "இருந்தது" என்கிறேன், ரலித்சா அதைப் பார்த்துவிட்டாள். அதைத்தான் முதல் படமாக மாட்டவேண்டும் என்று எடுத்துப் போயிருக்கிறாள். இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

படங்களைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். இனி கேட்கமாட்டேன்.

லூபென்


விதின்,
ஏப்ரல் 17, 1994

லூபென்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. மருந்துக்கடைக்குக் கையோடு எடுத்துப் போய், ஆள் இல்லாத நேரத்தில் மறுபடி மறுபடி படித்தேன். கடையில் ஆஸ்பிரின்கூட இல்லை, அதனால் ஆள் இல்லாத நேரம் நிறைய.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. ஆனால் நீ இரண்டு கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் நீ வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்ததாக அல்லவா நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ரலித்சா நேற்று வந்தாள். கதவைத் திறந்தேன், ஊர்க்காரர்களிடம் சொல். பாலாடைக்கட்டித் தொழிற்சாலையின் வேன் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொரு படத்தையும் போர்வையிலிருந்து பிரித்தபோது, "அற்புதம்" என்றாள். முப்பத்தொரு முறை சொன்னாள். கித்தான் கிடைக்காமல் பெட்டி மூடிகளிலும் அலமாரிக் கதவுகளிலும் வரைந்திருக்கிறான் என்று நான் சொன்னதற்கும், "அற்புதம்!" நான் கடுப்பாகி, "அதுல அற்புதம் என்னம்மா? எங்க வீட்டுத் துணி அலமாரிக்கு இன்னைக்கு வரைக்கும் கதவு கிடையாது" என்றேன். அதன் பிறகுதான் சிரித்துக்கொண்டு ஒழுங்காகப் பேசினாள். நல்ல பெண்தான்.

அவனைச் சங்கத்திலிருந்து துரத்திய அந்தப் படம் நினைவிருக்கிறதா? கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கியிருக்க, பின்வரிசையில் ஒருவன் மட்டும் மும்முரமாகக் காது குடைந்துகொண்டிருப்பானே. பத்து வருடம் கழித்து வெளிச்சத்தில் பார்த்தேன். காது குடைகிறவனுக்கு உன் மூக்கு.

எல்லாவற்றையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. அந்த அறிவிப்பை மாட்டக்கூடாது. காரணம் கேட்காதே. அதை மட்டும் மாட்டினால் அன்றே எல்லாப் படங்களையும் திரும்ப எடுத்துக்கொள்வேன். இதை ரலித்சாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ சொல்.

நெவேனா


பூர்காஸ்,
மே 4, 1994

அக்கா,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்! பக்கத்து வீட்டுப் பெண் ஈஸ்டருக்குச் சிவப்பு முட்டை கொடுத்தாள். முட்டையை முட்டி உடைக்க எதிரில் ஆள் இல்லாததால் நானே வலது கைக்கும் இடது கைக்கும் சண்டை விட்டேன். இடது கை ஜெயித்தது.

உங்கள் நிபந்தனையை அன்றே ரலித்சாவுக்கு எழுதிவிட்டேன். "அந்தத் தாளை மாட்டாதே" என்று. ஏன் என்று கேட்டிருந்தாள். "பழைய தாள், வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும்" என்று பதில் போட்டேன். நீங்கள் என்னிடமும் காரணம் சொல்லவில்லையே, நான் என்ன சொல்வது?

மாட்டமாட்டேன் என்று அவள் உறுதி கொடுத்துவிட்டாள். நிம்மதியாக இருங்கள். திறப்பு விழா ஜூன் 18. தேதியைப் பார்த்தீர்களா? இறந்தவர்களுக்குச் செர்ரி படைக்கும் சனிக்கிழமை. அவள் காலண்டரைப் பார்க்காமல் வைத்துவிட்டாள். மாற்றச் சொல்லவா?

உங்கள் கடிதத்தின் மூக்கு வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை. அவனிடம் அதைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

லூபென்


விதின்,
மே 30, 1994

லூபென்,

இன்று காலை ரொட்டி வாங்கப் போனேன். ரொட்டிக்கடை எதிரில் உள்ள விளக்குக் கம்பத்தில் என் தம்பி மறுபடி செத்துக் கிடக்கிறான்.

அதே தாள். அதே முகம். உன் கிறுக்கல் உட்பட. நகல் எடுத்து, கண்காட்சித் தேதியைக் கீழே போட்டு, ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள். தபால் நிலையத்து ஸோனா அந்தப் பக்கமாக வந்தவள் படித்துவிட்டு, "என்ன நெவேனா, உன் தம்பி மறுபடியும் செத்துட்டானா? இதோட எத்தனையாவது தடவை?" என்று என் தோளில் தட்டிச் சிரித்தாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு அது நல்ல நகைச்சுவையாகத் தெரிகிறது. அன்றைக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து வாளியும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு போனேன். கடைத்தெரு முழுக்கச் சுரண்டினேன். ரலித்சா ஓடி வந்து, "அக்கா, மாட்டக்கூடாதுன்னுதானே சொன்னார்? நான் மாட்டலையே! அசலப் பத்திரமா டிராயர்ல வெச்சிருக்கேன். நகலத்தான் ஒட்டினேன்" என்று அழுகிறாள். அவளை என்ன சொல்வது? கையில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தாள், கண்காட்சிக்காக அச்சடித்தது. அந்தத் தாளைப் பற்றி ஒரு பக்கம். "மூச்சு முட்டி" என்ற சொற்களின் மேலும், "ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்" என்ற வரியின் மேலும் பேனாக் கோடு போட்டிருக்கிறதே, அதற்கு விளக்கம்: "கலைஞன் தன் சொல்லைத் தானே தணிக்கை செய்து காட்டி, தணிக்கையாளரின் கையையே கேலிப்பொருள் ஆக்குகிறான்."

லூபென், அந்தக் கோடு போட்டது நான்.

உனக்கு இதைச் சொல்லாமலே செத்துவிடலாம் என்றிருந்தேன். அவன் விழுந்தது வியாழக்கிழமை. சாயங்காலமே அச்சகத்துக்குப் போனேன். மேலாளர், ஓகியின் பெயரைக் கேட்டதும் நான் எழுதிக் கொடுத்த தாளை என் பக்கமே தள்ளிவிட்டான். "அந்தப் பேருக்கா? போன வருஷம் போலீஸ் இங்கேயும் வந்து சூடு பட்டது போதும்மா. மேல கேட்டு அனுமதி வாங்கிட்டு வா, திங்கக்கிழமை பாக்கலாம்" என்றான். சனிக்கிழமை அடக்கம். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அவன் விளையாட்டுக்கு அடித்ததில் மீந்த தாள்கள் மாவுப் பெட்டிக்கு அடியில் இருந்தன. மகன் முகம் உள்ள காகிதத்தை அம்மா எறியவிடவில்லை. அதையே எடுத்தேன். கேலி வரிகளின் மேல் கோடு போட்டேன். கீழே நாளும் நேரமும் என் கையால் எழுதினேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் நானே ஒட்டினேன்.

யார் நம்புவார்கள்? நானே ஒரு கேலித்தாளை ஒட்டிவிட்டு ஊர் வரவில்லை என்று பத்து வருடம் ஊரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அம்மா சாகும் வரை, "ஏன்டி, ஒருத்தரும் வரலையே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் உன் பெயரைச் சொன்னேன். "லூபெனே வரல, ஊர் எப்படிம்மா வரும்?" என்றேன். யார் தலையிலாவது போட வேண்டியிருந்தது. உன் தலை வசதியாக இருந்தது.

கோடு தெரிகிறது, கீழே என் எழுத்தைக் காணவில்லை. மழையில் கிழிந்திருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

நாளை வேனைக் கூட்டிக்கொண்டு போய்ப் படங்களை எடுத்து வந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

நெவேனா


பூர்காஸ்,
ஜூன் 5, 1994

அக்கா,

வேனைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படியுங்கள். கூப்பிட்டிருந்தாலும் படியுங்கள்.

உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது பாருங்கள். அது அந்தத் தாளின் அடிப்பகுதி. "சனிக்கிழமை, நவம்பர் 5, பகல் 2 மணி, பழைய கல்லறை." மருந்துப் பாட்டில்மேல் எழுதுகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக. மழை கிழிக்கவில்லை. நான் கிழித்தேன்.

உங்கள் எழுத்து என்று எனக்குப் பேருந்து நிறுத்தத்திலேயே தெரியும். அதனால்தான் அவ்வளவு சிரித்தேன். நீங்கள் எங்கள் விளையாட்டுகளை வெறுத்தவர்கள். "ரெண்டு பேரும் அம்மாவை வாழவிட மாட்டீங்க" என்று கரண்டியால் அடிக்க வந்தவர்கள். அப்படிப்பட்ட அக்காவையே பயல் வளைத்துவிட்டானே, நேரம் எழுதிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார்களே என்று எனக்கு அன்று காலை சந்தோஷம் தாங்கவில்லை. இதைப் போன கடிதங்களில் எழுத முடியவில்லை. எழுதினால் உங்களைக் குற்றம் சொல்வது மாதிரி ஆகிவிடும்.

கல்லறைக்குப் போய்த் திரும்பிய அன்றே கம்பத்திலிருந்து உரித்தேன். மீந்த தாளை எடுத்து நீங்களே ஒட்டியிருக்கிறீர்கள் என்று அப்போதே விளங்கிவிட்டது. பத்து வருடமும் ஒருவரிடமும் சொல்லவில்லை. ரலித்சா தாளைக் கேட்டபோது, உங்கள் எழுத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று அடிப்பகுதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு, "இது 82இல் ஒட்டியது" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் இப்போது கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிறது. இதில் ரலித்சாவின் தப்பு ஒன்றும் இல்லை. முந்தாநாள் போன் போட்டு அவளிடம் என் பங்கைச் சொன்னேன். உங்கள் பங்கைச் சொல்லவில்லை. அது நீங்கள் சொன்னால்தான் உண்டு.

என் மனதில் உங்கள்மேல் கோபமே இல்லை என்றால் அதுவும் பொய். இருந்தது. பத்து நிமிட நடை என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பத்து நிமிடம் இரண்டு பக்கமும்தான். ஒரு முறை வந்து கதவைத் தட்டி, "லூபென், நிஜமாவே போயிட்டான்டா" என்று சொல்லியிருக்கலாமே என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். பிறகு நினைப்பேன், தம்பியைப் பெட்டியில் வைத்துவிட்டு அம்மாவையும் பார்த்துக்கொண்டு ஊர் முழுக்கத் தாள் ஒட்டியவளுக்குக் கதவு தட்ட எங்கே நேரம் என்று.

படங்களை எடுத்துவிடாதீர்கள். எனக்காக இல்லை. அவன் சாவுக்கு ஊர் வரவில்லை. படத்துக்காவது வரட்டும்.

அந்தத் துண்டை எரிக்கிறதானால் எரித்துவிடுங்கள். உங்கள் கையில் சேர்த்தாகிவிட்டது.

நான் 18ஆம் தேதி வருகிறேன். நீங்கள் வரவேண்டாம் என்று எழுதினால் வரமாட்டேன்.

லூபென்


விதின்,
ஜூன் 21, 1994

லூபென்,

வரவேண்டாம் என்று எழுதவில்லை. வா என்றும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று மூன்று நாள் தாளை எடுத்தேன், கை வரவில்லை. நீயும் ஏழு மணி ரயிலில் வந்து, இருந்தும் இல்லாத மாதிரி இருந்துவிட்டு, ஐந்து மணி ரயிலுக்கு ஓடிவிட்டாய். அதனால் நடந்ததை, நீ கண்ணால் பார்த்ததையே, நான் எழுத வேண்டியிருக்கிறது.

வேனைக் கூப்பிடவில்லை. உன் கடிதம் கிடைத்த மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். பழைய மேலாளர் போய்விட்டான். அவன் மகள் தனியாக நடத்துகிறாள். அனுமதி ஒன்றும் கேட்கவில்லை. ஓகியின் அடையாள அட்டைப் புகைப்படத்தைக் கொடுத்து, கறுப்புக் கரை போட்டு, ஒழுங்கான அறிவிப்பு அடித்தேன். "என் தம்பி ஒக்ன்யான் மிந்தேவ் 1983 நவம்பர் 3 அன்று இறந்தான். அன்று ஒட்டிய அறிவிப்பு விளையாட்டு இல்லை. அவன் வைத்திருந்த விளையாட்டுத் தாளில் அதை எழுதி ஒட்டியவள் நான். நம்பாமல் போனவர்கள் மேல் குற்றம் இல்லை. செர்ரி சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய கல்லறைக்கு வாருங்கள். அங்கிருந்து படம் பார்க்கப் போகலாம். அக்கா நெவேனா." ரலித்சாவும் நானும் சேர்ந்து ஒட்டினோம். அவளுக்குப் பசை தடவவே தெரியவில்லை, நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அசல் தாளையும் நீ அனுப்பிய துண்டையும் ஒரே கண்ணாடிக்குள் வைக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் தணிக்கை, கலைஞன், கேலிப்பொருள் எல்லாம் வேண்டாம். "இது ஓவியம் இல்லை, அவன் மரண அறிவிப்பு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவன் படங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. உன் கிறுக்கலும் அதில் இருக்கிறது. இருக்கட்டும்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கே போய்விட்டேன். எட்டுப் பேர் வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன், பழைய கணக்கு. முதலில் ஸோனா வந்தாள், ஒரு கூடைச் செர்ரியோடு. சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது. அன்னைக்கு அந்தத் தாளைப் படிச்சுட்டு வீட்டுல போய் எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சேன். பாவி நான்" என்று அழுதாள். நான், "தெரிஞ்சிருக்க வழியே இல்லடி, நான் ஒட்டினது அப்படி" என்றேன். இதைச் சொல்வதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது, சொன்னதும் ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அவள் மூக்கைச் சிந்தி, ஒரு பிடி செர்ரியை என் கையில் வைத்தாள்.

அப்புறம் வந்துகொண்டே இருந்தார்கள். துறைமுகத்துக்காரர்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள், அவனைச் சங்கத்திலிருந்து நீக்கக் கை தூக்கியவர்களில் இரண்டு பேர். அவர்களும் வந்தார்கள், நானும் கை கொடுத்தேன். எண்ணிக்கொண்டு இருந்தேன், பிறகு எண்ணவில்லை. பாதைக்கு இடமில்லாமல் பக்கத்துக் கல்லறைகள்மேல் நின்றார்கள். "அம்மா, இப்பப் பாரு" என்று சொல்லிக்கொண்டேன். அங்கேயே அழுதுவிட்டேன். அடக்கத்தன்று நான் அழவில்லை, பெட்டி கனமாக இருந்தது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும். கல்லறையில் இறந்தவனின் சொந்தம் வரிசையாக நிற்கும். வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கை கொடுத்து, "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லி நகர்வார்கள். எனக்குச் சொந்தம் என்று யார் இருக்கிறார்கள்? அந்த வரிசையில் நான் ஒருத்திதான் நின்றேன். நீ கேட்டுக்குப் பக்கத்தில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கோ வழி விடுகிறவன் மாதிரி ஒதுங்கி நின்றாய். கடைசி ஆளாக வரிசையில் வந்தாய். எல்லாரும் கொடுத்த மாதிரியே கை கொடுத்தாய். "கடவுள் மன்னிக்கட்டும், அக்கா" என்றாய். நான் உன் கையை விடாமல் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். தோன்றவில்லை, நீ போன பிறகுதான் தோன்றியது. அதற்குள் உன்னைக் கூட்டம் மூடிவிட்டது.

கூடத்தில் நாள் முழுக்க உன்னைத் தேடினேன். காது குடைகிறவன் படத்துக்கு முன்னால் எல்லாரும் நின்று சிரித்தார்கள். நீ இல்லை. "இப்பத்தான் ஸ்டேஷனுக்குப் போனார்" என்றாள் ரலித்சா.

நவம்பர் மூன்றாம் தேதி பதினோரு வருடம் ஆகிறது. அறிவிப்பு நான் அடித்துவிடுகிறேன். முதல் நாளே வந்துவிடு, வீட்டில் தங்கலாம், கதவில்லாத அலமாரிதான், உன் துணியை அதில் வைத்துக்கொள். காலையில் கல்லறைக்குச் சேர்ந்து போவோம். நீ என் இடது பக்கம் நிற்கவேண்டும். வருகிறவர்கள் முதலில் எனக்குக் கை கொடுப்பார்கள், அடுத்து உனக்குக் கொடுப்பார்கள். யாராவது "இவர் யார்?" என்று கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா